மூச்சுக்கு ஒரு நோட்டு: தசை பலவீனமுள்ள குழந்தையின் சுவாசத்தைக் கண்காணிக்க முழுமையான வழிகாட்டி

என் மகன் மூச்சு வாங்கி நான் பார்த்ததே இல்லை. ஓடினால்தானே மூச்சு வாங்கும். ஐந்து வயதில் டூஷேன் தசைச் சிதைவு என்று தெரிந்தது. பதினோரு வயதில் வீல்சேர். அடுத்த ஆண்டு, காலையில் இட்லித் தட்டைத் தள்ளி வைக்க ஆரம்பித்தான். மூன்றாவது பீரியடில் தூங்கி விழுகிறான் என்று டீச்சர் சொன்னார். ராத்திரியில் நான்கைந்து தடவை “அம்மா, திருப்பிப் போடு” என்று எழுப்பினான். செல்போன்தான் காரணம் என்று நாங்களே முடிவு செய்து அதைப் பிடுங்கி வைத்தோம். மூன்று மாதம் கழித்துதான் விஷயம் தெரிந்தது. தூங்கும்போது அவன் மூச்சின் ஆழம் குறைந்து, உடம்பில் கார்பன் டை ஆக்சைடு தேங்கிக்கொண்டிருந்தது. தள்ளி வைத்த இட்லிக்கும், வகுப்புத் தூக்கத்துக்கும், ராத்திரிப் புரளலுக்கும் அதுதான் காரணம்.

அந்த மூன்று மாதம் இன்னும் உறுத்துகிறது. அதன்பிறகு ஒரு நோட்டு போட்டு எழுத ஆரம்பித்தேன். இப்போது நான்காவது நோட்டு ஓடுகிறது. நான் மருத்துவர் இல்லை. மூச்சுப் பரிசோதனை அறைக்கு வெளியே நிறைய நேரம் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா. கீழே வரும் எண்களை வைத்து நீங்களாகவே சிகிச்சையை முடிவு செய்யாதீர்கள். உங்கள் டாக்டரிடம் சரியான கேள்வியைச் சரியான நேரத்தில் கேட்க அவை உதவும், அதற்குத்தான் எழுதுகிறேன்.

படி 1: எந்தத் தசை முதலில் தளரும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்த நோய்களில் பெரும்பாலும் நுரையீரலில் கோளாறு இருக்காது. அதை இயக்கும் துருத்திதான் தளர்கிறது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானம் என்ற தசையும், விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும் காற்றை இழுக்கின்றன. வயிற்றுத் தசைகள் இருமும்போது காற்றை வெளியே தள்ளுகின்றன. தொண்டைத் தசைகள் வழியைத் திறந்து வைப்பதோடு, சோறும் தண்ணீரும் மூச்சுக்குழாய்க்குள் போகாமல் பார்த்துக்கொள்கின்றன. இவற்றில் எது முதலில் தளரும் என்பது நோய்க்கு நோய் மாறும். கண்காணிப்பும் அதற்கேற்ப மாறும்.

எஸ்எம்ஏ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஸ்பைனல் மஸ்குலர் அட்ரோபியில் விலா இடைத் தசைகள்தான் அதிகம் பாதிக்கப்படும், உதரவிதானம் ஓரளவு தப்பிக்கும். அதனால் குழந்தை மூச்சை இழுக்கும்போது வயிறு உப்பும், நெஞ்சு உள்ளே அமுங்கும். கடுமையான வகையில் நாளடைவில் நெஞ்சுக்கூடு மேலே குறுகி, கீழே விரிந்து மணி போல ஆகிவிடும். அங்கே முதல் சில மாதங்களிலிருந்தே கண் வைக்க வேண்டும்.

டூஷேனில் எல்லாம் மெதுவாக நடக்கும். நடக்கிற வயதில் மூச்சு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். நடை நின்ற பிறகுதான் கவலை கூடும்.

மூன்றாவது வகைதான் வீட்டில் இருப்பவர்களை ஏமாற்றுவது. பாம்பே (Pompe) என்ற பரம்பரைத் தசை நோயிலும், செலினோபுரோட்டீன் மரபணுக் கோளாறால் முதுகு விறைக்கும் தசை நோயிலும், குழந்தை நடந்துகொண்டே இருக்கும். பள்ளிக்கூடம் போகும், படியும் ஏறும். ஆனால் உதரவிதானம் முன்பே தளர்ந்து, இரவில் மூச்சுக் கருவி தேவைப்படும் நிலை வந்திருக்கும். “நடக்கிறானே, மூச்சுக்கு என்ன” என்ற கணக்கு இவர்களிடம் செல்லாது. உங்கள் குழந்தையின் நோய்ப் பெயரைச் சொல்லி, “இதில் மூச்சு எப்போது, எப்படித் தளரும்?” என்று டாக்டரிடம் ஒரு தடவை நேராகக் கேட்டு, பதிலை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

படி 2: விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து பாருங்கள்

மூச்சுத் தளர்வு முதலில் தலைகாட்டுவது தூக்கத்தில்தான். அதிலும் கனவு வரும் தூக்கக் கட்டத்தில். அந்த நேரத்தில் உடம்பின் பெரும்பாலான தசைகள் தாமாகவே தளர்ந்துவிடும், உதரவிதானம் மட்டும்தான் முழு வேலையும் பார்க்கும். அதுவும் பலவீனமாக இருந்தால் தாங்குவதற்கு வேறு ஆள் இல்லை. கனவுத் தூக்கம் இரவின் பின்பகுதியில்தான் அதிகம். அதனால் பத்து மணிக்குத் தூங்கும் குழந்தையைப் பதினோரு மணிக்குப் பார்த்து “நல்லாத் தூங்குது” என்று திருப்திப்படுவதில் அர்த்தமில்லை. மூன்றிலிருந்து ஐந்து மணிக்குள் பாருங்கள்.

போர்வையை விலக்கி, சட்டையைச் சற்று மேலே தூக்கி, சின்ன விளக்கில் ஒரு முழு நிமிடம் பாருங்கள். நெஞ்சும் வயிறும் சேர்ந்து எழுகின்றனவா? வயிறு எழும்போது நெஞ்சு அமுங்கினால் விலா இடைத் தசைகள் பலவீனம். நெஞ்சு எழும்போது வயிறு உள்ளே போனால் உதரவிதானம் பலவீனம். மூச்சை எண்ணுங்கள். முப்பது விநாடி எண்ணி இரண்டால் பெருக்கும் குறுக்குவழி வேண்டாம், குழந்தைகளின் மூச்சு சீராக இருக்காது. இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை நிமிடத்துக்கு 50, ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40, இவற்றைத் தொட்டாலே வேக மூச்சு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஆனால் நம் குழந்தைகளிடம் ஒரு சிக்கல் உண்டு. வேகமாக மூச்சுவிடவும் விலா ஒடுங்கவும்கூடத் தசை வேண்டும். தசையே இல்லாத குழந்தை திணறும்போதும் அமைதியாகத்தான் இருக்கும். அவசரப் பிரிவில் “பார்த்தா நல்லாத்தானே இருக்கான்” என்று சொல்வார்கள். அந்த வார்த்தையை நம்பி வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள்.

பகலில் கேட்க வேண்டியவையும் இருக்கின்றன. காலையில் எழுந்ததும் தலை வலிக்கிறதா, குமட்டுகிறதா, சாப்பிடப் பிடிக்கவில்லையா? இரவில் வியர்த்துக் கொட்டுகிறதா, கெட்ட கனவு வருகிறதா? முன்பு ஒரு தலையணையில் தூங்கியவன் இப்போது இரண்டு கேட்கிறானா? வகுப்பில் கவனம் போகிறதா, எரிச்சல் கூடியிருக்கிறதா, எடை நின்றுவிட்டதா? சாப்பிடும்போது இருமுகிறானா, சளி பிடித்தால் இரண்டு வாரமானாலும் போகமாட்டேன் என்கிறதா?

பேச்சையும் கவனியுங்கள். எங்கள் வீட்டில் அவன் மூச்சுக்கு முந்நூறு தடவை அம்மா என்பவன். ஒரு கட்டத்தில் ஒரு வாக்கியத்தை மூன்றாக உடைத்துப் பேச ஆரம்பித்தான். நான் அதை வளர்ந்துவிட்டான், நிதானம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: குழந்தையிடம் “மூச்சுத் திணறுதா?” என்று கேட்காதீர்கள். இல்லை என்றுதான் பதில் வரும். மெதுவாகக் குறைந்து வருவது அவர்களுக்கே தெரியாது.

படி 3: வீட்டில் என்ன அளக்கலாம்

நோட்டில் ஒரு பக்கம் ஒரு மாதம். தேதி, தூக்கத்தில் மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, ஒரே மூச்சில் எண்ணியது, இருமல் வேகம், எடை. இவ்வளவு போதும். தினமும் அளந்தால் நமக்குப் பைத்தியம் பிடிக்கும், குழந்தைக்கு வெறுத்துவிடும். உடம்பு நன்றாக இருக்கும்போது மாதம் ஒரு தடவை எடுத்து வையுங்கள். சளி பிடித்த நாளில் ஒப்பிட்டுப் பார்க்க அந்த நல்ல நாளின் எண்கள்தான் கைகொடுக்கும்.

ஒரே மூச்சில் எண்ணுவது காசில்லாத சோதனை. சடுகுடு ஆடத் தெரிந்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நன்றாக உட்கார வைத்து, முடிந்த மட்டும் மூச்சை இழுக்கச் சொல்லி, சாதாரணக் குரலில், விநாடிக்கு இரண்டு எண் என்ற வேகத்தில், மூச்சை விடாமல் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். வளர்ந்த ஆரோக்கியமான ஆள் ஐம்பதை ஒட்டி எண்ணுவார். குழந்தைக்கு அந்த எண்ணோடு போட்டி வேண்டாம், போன மாதத்து அவனோடுதான் ஒப்பீடு. இருபத்தெட்டு எண்ணியவன் ஆறு மாதத்தில் இருபதில் நின்றால் அடுத்த பரிசோதனைத் தேதி வரும்வரை காத்திருக்காமல் டாக்டருக்குப் போன் செய்யலாம். மயஸ்தீனியா போல நாளுக்கு நாள், வேளைக்கு வேளை பலவீனம் மாறும் நோயில் இந்தச் சோதனைக்கு மதிப்பு இன்னும் அதிகம். காலையில் ஒரு தடவையும் மாலையில் ஒரு தடவையும் எண்ணிப் பார்க்கலாம்.

விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் கொரோனாவுக்குப் பிறகு பல வீடுகளில் இருக்கிறது. நல்லதுதான், ஆனால் அதன் குறைகளைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கை சில்லென்று இருந்தால் தவறு காட்டும். நகப்பூச்சும் அடர்ந்த கறுப்பு மெகந்தியும் குழப்பும். கருத்த தோலில் உண்மையைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டும் வழக்கமும் அதற்கு உண்டு. நாடித்துடிப்பு எண் நிலையாக நின்ற பிறகு, அரை நிமிடம் பொறுத்து வரும் எண்ணை எழுதுங்கள். விழித்திருக்கும்போது 95-க்குக் கீழே தொடர்ந்து காட்டினால் அதற்குக் காரணம் தேட வேண்டும்.

இருமல் வேகத்தை அளக்க, ஆஸ்துமாக்காரர்கள் ஊதும் பீக் ஃப்ளோ மீட்டரே போதும். வாயில் வைப்பதற்குப் பதில் முகத்தை மூடும் மாஸ்க்கை அதில் பொருத்தி, மூச்சை நிறைய இழுத்து மாஸ்க்குக்குள் பலமாக இரும வேண்டும். நான்கைந்து தடவை இருமி, மிக அதிகமானதை எழுதிக்கொள்ளுங்கள். மாஸ்க் பொருத்துவதை முதல் தடவை பிசியோதெரபிஸ்டிடம் காட்டிச் சரிபார்த்துவிடுங்கள். ஓரத்தில் காற்று கசிந்தால் எண் பொய்யாகிவிடும்.

படி 4: ஸ்பைரோமெட்ரி என்ற ஊதல் சோதனைக்குத் தயாராகுங்கள், அறிக்கையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இதுதான் முதுகெலும்பு, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

நெஞ்சு நிறைய இழுத்து, கடைசிச் சொட்டுக் காற்று வரை வெளியே ஊதினால் வரும் மொத்த அளவுக்கு எஃப்விசி என்று பெயர். ஐந்து, ஆறு வயதில் பெரும்பாலான குழந்தைகளால் ஊத முடியும். முதல் தடவை எண் சரியாக வராது, கவலைப்படாதீர்கள். எங்கள் டெக்னீஷியன் அக்கா “ஊது ஊது ஊது, விடாதே விடாதே!” என்று போடும் சத்தத்தில் அவன் சிரித்தே பாதிக் காற்றை விட்டுவிட்டான். முன்கூட்டியே வீட்டில் ஊதுகுழல், காகிதச் சுருள், மெழுகுவர்த்தி என்று விளையாடிப் பழக்கினால் வேலை சுலபம்.

போகும் நாளில் கவனிக்க வேண்டியவை: வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உடனே போக வேண்டாம். சளி, காய்ச்சல் இருந்தால் தேதியை மாற்றுங்கள். முதுகுக்குப் பெல்ட் போடுபவர்கள் அதைப் போட்டு எடுத்ததா, கழற்றி எடுத்ததா என்று அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். முகத் தசை பலவீனத்தால் உதட்டை இறுக்க முடியாத குழந்தைக்குக் குழாய்க்குப் பதில் மாஸ்க் கேளுங்கள். குறைந்தது மூன்று நல்ல ஊதல் வேண்டும், அவற்றில் சிறந்ததுதான் கணக்கு.

உயரத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. “இந்த வயதில், இந்த உயரத்தில் இவ்வளவு ஊத வேண்டும்” என்ற எதிர்பார்ப்பு அளவோடு ஒப்பிட்டுத்தான் சதவீதம் போடுகிறார்கள். முதுகு வளைந்த, நிற்க முடியாத குழந்தையின் உயரத்தைப் படுக்க வைத்து உத்தேசமாக எழுதினால் உயரம் குறையும், எதிர்பார்ப்பு குறையும், சதவீதம் அழகாக ஏறிவிடும். தாளில் மட்டும்தான் குழந்தை தேறியிருக்கும். இரு கையையும் விரித்து விரல் நுனியிலிருந்து விரல் நுனி வரை அளக்க வேண்டும், அல்லது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரையுள்ள எலும்பை அளந்து அதிலிருந்து உயரத்தைக் கணக்கிட வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரே முறையில் அளக்கச் சொல்லுங்கள்.

இரண்டு லேபில் எடுத்தால் சதவீதம் மாறி வருவதற்கும் காரணம் உண்டு. ஒவ்வொரு கருவியிலும் எந்தச் சமன்பாட்டைப் போட்டிருக்கிறார்களோ அதைப் பொறுத்தது. 2012-இல் வந்த உலகளாவிய சமன்பாடுகளில் இந்தியத் துணைக்கண்டத்துக்கென்று தனிப் பிரிவு இல்லை. 2022-இல் இனப் பிரிவே இல்லாத புதிய சமன்பாடு வந்தது. எந்தச் சமன்பாடு உசத்தி என்ற விவாதம் நமக்கு வேண்டாம். முடிந்தவரை ஒரே இடத்தில், ஒரே கருவியில் எடுங்கள், அவ்வளவுதான்.

இப்போது அறிக்கை. லிட்டரையும் சதவீதத்தையும் இரண்டையுமே எழுதி வையுங்கள். என் மகனின் ஒன்பது வயது எஃப்விசி 1.45 லிட்டர், 82 சதவீதம். பத்து வயதில் 1.50 லிட்டர், 75 சதவீதம். பதினொன்றில் 1.52 லிட்டர், 68 சதவீதம். லிட்டரை மட்டும் பார்த்து “குறையவில்லையே, கொஞ்சம் ஏறித்தான் இருக்கிறது” என்று நாங்கள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம். அவன் உயரம் வளர்ந்துகொண்டே போனது, நெஞ்சு அதற்கு ஈடுகொடுக்கவில்லை. வளரும் குழந்தைக்கு லிட்டர் நிற்பதே இறக்கம்தான். டூஷேனில் லிட்டர் பதின்பருவத் தொடக்கம் வரை ஏறி, அங்கே கொஞ்ச காலம் நின்று, பிறகு இறங்கும். இறங்க ஆரம்பித்த பிறகு லிட்டர் கணக்கு பேச ஆரம்பிக்கும்; அதற்கு முன் சதவீதத்தைத்தான் கேட்க வேண்டும். ஸ்டீராய்டு மருந்து இந்த இறக்கத்தைத் தள்ளிப் போடுகிறது.

உட்கார்ந்து ஊதியதோடு விடாமல், படுத்தும் ஒரு தடவை ஊத வைக்க முடியுமா என்று கேளுங்கள். படுத்தால் வயிற்றுப் பாரம் உதரவிதானத்தின்மேல் ஏறும். ஆரோக்கியமானவர்களுக்குப் பத்து சதவீதத்துக்குள் குறையும். இருபது, இருபத்தைந்து சதவீதத்துக்குமேல் குறைந்தால் உதரவிதானம் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பாம்பே போன்ற நோய்களில் இந்த ஒரு சோதனை நிறையச் சொல்லும்.

இழுக்கும் அழுத்தம், ஊதும் அழுத்தம் என்று இன்னும் இரண்டு உண்டு, அளவு சென்டிமீட்டர் நீர் என்று வரும். ஊதத் தெரியாத சின்னக் குழந்தைக்கு ஒரு மூக்கில் அடைப்பான் வைத்து, உறிஞ்சச் சொல்லி அளக்கும் முறையும் இருக்கிறது. பூ முகர்வது போல உறிஞ்சச் சொன்னால் செய்துவிடுவார்கள். ஆனால் இந்த வசதி எல்லா ஊரிலும் கிடையாது.

படி 5: இருமலுக்குத் தனி மதிப்பெண்

பல வீடுகளில் மூச்சை அளப்பார்கள், இருமலை விட்டுவிடுவார்கள். நம் குழந்தைகளை ஆஸ்பத்திரியில் சேர்க்க வைப்பது பெரும்பாலும் வெளியே வராத சளிதான்.

பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களில் இருமல் வேகம் நிமிடத்துக்கு 270 லிட்டருக்குக் கீழே வந்தால், சளியை வெளியேற்ற உதவி தேவை என்று பொருள். நல்ல நாளில் 270 இருந்தாலும் ஜலதோஷம் வந்ததும் தசை இன்னும் சோர்ந்து எண் சரியும், அதற்காகத்தான் எல்லையை இவ்வளவு மேலே வைத்திருக்கிறார்கள். 160-க்குக் கீழே போனால் சாதாரண நாளிலேயே சளியைத் தள்ளும் சக்தி இல்லை. சின்னக் குழந்தைக்கு இந்த எண்களை அப்படியே பொருத்தாதீர்கள். ஆரோக்கியமான நான்கு வயதுக் குழந்தைகூட 270-ஐத் தொடாது. அவர்களுக்கு இருமல் சத்தம் மெலிகிறதா, சளி எத்தனை நாள் நிற்கிறது என்பதுதான் அளவு.

உதவி என்றால் மூன்று வழி. கையால் அமுக்கிக் காற்றை உள்ளே தள்ளும் ஆம்பு பையால் மூச்சுக்குமேல் மூச்சு அடுக்கி நெஞ்சை நிரப்பி இரும வைப்பது, இருமும் நேரத்தில் வயிற்றைக் கையால் அழுத்தித் தள்ளுவது, காற்றை உள்ளே தள்ளி உடனே வெளியே உறிஞ்சும் காஃப் அசிஸ்ட் என்ற கருவி. 2018-இல் லான்செட் நியூராலஜி இதழில் வந்த டூஷேன் பராமரிப்பு வழிகாட்டுதல்படி, எஃப்விசி 60 சதவீதத்துக்கு வந்ததும் காற்று அடுக்கும் பயிற்சி, 50-க்குக் கீழே போனாலோ இருமல் வேகம் 270-க்குக் கீழே போனாலோ இருமல் உதவி. என் அபிப்பிராயம் என்னவென்றால், ஆம்பு பைப் பயிற்சியை ஓர் ஆண்டு முன்பே ஆரம்பித்துவிடுங்கள். மூச்சு முட்டும்போது புதுக் கருவியைக் காட்டினால் எந்தக் குழந்தையும் பயந்துதான் போகும்.

படி 6: இரவுச் சோதனை

எப்போது கேட்க வேண்டும்? படி 2-இல் சொன்ன அறிகுறிகளில் ஒன்றிரண்டு வந்தால். எஃப்விசி 60 சதவீதத்துக்குக் கீழே போனால். நடை நின்றுபோனால், அல்லது குழந்தை நடக்கவே ஆரம்பிக்காமல் இருந்தால். தசை பலவீனத்தோடு பிறந்த கைக்குழந்தையாக இருந்தால். ஸ்டீராய்டால் எடை கூடிக் குறட்டையும் விட்டால்.

முழுமையான சோதனை ஸ்லீப் ஸ்டடி. தலையில், நெஞ்சில், காலில் ஒயர் ஒட்டி, மூளை அலை, மூச்சு, நெஞ்சு வயிற்று அசைவு, ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு எல்லாவற்றையும் இரவு முழுக்கப் பதிவார்கள். முன்பதிவு செய்யும்போதே ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: “கார்பன் டை ஆக்சைடும் பதிவு செய்வீர்களா?” தோல் வழியாகவோ மூக்கு வழியாகவோ அதை அளக்கும் வசதி இல்லாத இடத்தில் எடுத்தால் நம் குழந்தைகளுக்கு வேண்டிய பாதி விடை கிடைக்காது. பெரியவர்களின் குறட்டைக்காக நடத்தப்படும் பல மையங்களில் அது இருக்காது.

ஸ்லீப் ஸ்டடி கிடைக்கவில்லை என்றால் சும்மா இருக்க வேண்டியதில்லை. நினைவகம் உள்ள ஆக்ஸிமீட்டரை ஒரு இரவு வாடகைக்கோ ஆஸ்பத்திரியிலிருந்தோ வாங்கி, குறைந்தது ஆறு மணி நேரம் தூக்கத்தைப் பதிவு செய்து, கோட்டுப் படத்தை டாக்டரிடம் காட்டலாம். விரலில் மாட்டும் சாதாரணக் கருவி இதற்கு ஆகாது. கால் கட்டைவிரலில் டேப் போட்டு ஒட்டும் வகைதான் நிற்கும். அதோடு காலையில் எழுந்த உடனே விரல் நுனியிலோ காது மடலிலோ குத்தி இரத்த வாயுச் சோதனை எடுத்தால், கார்பன் டை ஆக்சைடும் பைகார்பனேட்டும் தெரியும். இரவில் தேங்குவது அடிக்கடி நடந்தால் சிறுநீரகம் ஈடுகட்டப் பைகார்பனேட்டைச் சேர்த்து வைக்கும். பகலில் வாயு அளவு சரியாக இருந்தாலும் பைகார்பனேட் மேலே நின்றால், “ராத்திரி ஏதோ நடக்கிறது” என்று அது காட்டிக்கொடுக்கும்.

எண்கள்: கார்பன் டை ஆக்சைடு சாதாரணமாக 35 முதல் 45 மில்லிமீட்டர் பாதரசம். டூஷேன் வழிகாட்டுதலில் தூக்க நேரத்தில் 2 சதவீதமாவது 50-க்குமேல் போனாலோ, விழித்திருந்ததைவிட 10 கூடினாலோ, ஆக்சிஜன் 88-க்கோ அதற்குக் கீழேயோ 2 சதவீத நேரம் அல்லது தொடர்ந்து ஐந்து நிமிடம் இருந்தாலோ, இரவுக் கருவியைத் தொடங்க வேண்டும் என்கிறார்கள். பகலிலேயே கார்பன் டை ஆக்சைடு 45-ஐத் தாண்டினாலும், எஃப்விசி 50 சதவீதத்துக்குக் கீழே போனாலும் அப்படித்தான். கடைசியாகச் சொன்னதற்கு ஸ்லீப் ஸ்டடிகூடத் தேவையில்லை, காத்திருக்காதீர்கள்.

படி 7: காலண்டரில் குறித்துவிடுங்கள்

டூஷேனில் ஐந்தாறு வயதிலிருந்து ஆண்டுக்கு ஒரு எஃப்விசி. நடை நின்ற பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எஃப்விசி, அழுத்தங்கள், இருமல் வேகம், ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு எல்லாமே. இதயத் தசையும் இதே நோயில் தளர்வதால் எக்கோ என்ற இதய ஸ்கேனையும் அதே பயணத்தில் சேர்த்துக்கொண்டால் அலைச்சல் மிச்சம்.

எஸ்எம்ஏவில் உட்கார முடியாத குழந்தைக்கு ஆரம்பத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, நிலை சீரானதும் ஆறு மாதம். உட்காரும் குழந்தைக்கு ஆறு மாதம். நடக்கும் குழந்தைக்கு ஒவ்வொரு வருகையிலும் இருமலையும் தூக்கத்தையும் பற்றிக் கேட்டு, தேவையைப் பொறுத்துச் சோதனை. நுசினெர்சென் 2016-இல் வந்ததிலிருந்து ஜீன் சிகிச்சை, ரிஸ்டிப்லாம் என்று எஸ்எம்ஏவுக்கு மருந்துகள் வந்துவிட்டன. மருந்து கிடைத்த குழந்தை கையைத் தூக்கும், உட்காரும், பார்க்கவே ஆசையாக இருக்கும். ஆனால் கைகால் தேறும் வேகத்தில் மூச்சும் தேறும் என்று சொல்ல முடியாது. மருந்து தொடங்கிவிட்டது என்பதற்காகக் காலண்டரை மூடிவிடாதீர்கள்.

படி 8: ஜலதோஷம் வந்த நாளும் ஆக்சிஜன் பொறியும்

சளி பிடித்த நாட்களில் நோட்டைத் தினமும் திறந்து பாருங்கள். ஆக்சிஜன் 95-க்குக் கீழே இறங்கினால் முதலில் நினைவுக்கு வர வேண்டியது சளி அடைப்பு. ஆம்பு பை, காஃப் அசிஸ்ட் எது உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்களோ அதைச் செய்து, மறுபடி அளந்து பாருங்கள். ஏறிவிட்டால் அடுத்த சில மணி நேரத்தில் மீண்டும் செய்யலாம். ஏறாவிட்டாலும், ஏறி ஏறி உடனே இறங்கினாலும், குழந்தை அரைத்தூக்கத்தில் சொக்கினாலும் கிளம்பிவிடுங்கள், காலை வரை பொறுக்க வேண்டாம்.

அங்கேதான் பொறி. ஒருமுறை ஒரு ஆஸ்பத்திரியில் அவனுக்கு 91 காட்டியதும் ஆக்சிஜன் மாஸ்க் போட்டார்கள். எண் 99-க்கு ஏறியது, எல்லோருக்கும் நிம்மதி. இரண்டு மணி நேரத்தில் அவன் எழுப்பினால் எழவில்லை. ஆக்சிஜன் ஏறினாலும் மூச்சின் ஆழம் ஏறவில்லை, கார்பன் டை ஆக்சைடு உள்ளேயே தேங்கியது. எச்சரிக்க வேண்டிய ஆக்ஸிமீட்டரோ 99 என்று சிரித்துக்கொண்டிருந்தது. நல்லவேளை, பணி மாறி வந்த ஒரு இளம் டாக்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்து, இரத்த வாயு எடுத்து, மாஸ்க் வழியாக மூச்சுக்கு உதவும் பைபாப் கருவியைப் போட்டார். ஆக்சிஜன் தேவைப்படும் நேரம் உண்டு, நிமோனியாவில் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் மூச்சுக்கு உதவி இல்லாமல், கார்பன் டை ஆக்சைடைப் பார்க்காமல் அதை மட்டும் கொடுப்பது நம் குழந்தைகளுக்கு ஆபத்து. “இரத்த வாயு பார்த்துவிட்டீர்களா டாக்டர்?” என்று பணிவாக, ஆனால் விடாமல் கேளுங்கள்.

படி 9: பைபாப் வந்த பிறகு

கருவி வந்ததும் கண்காணிப்பு முடியாது, முகம் மாறும். பல கருவிகள் எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு கசிந்தது, ஒரு மூச்சுக்கு எவ்வளவு காற்று போனது என்று நினைவக அட்டையில் பதிந்து வைக்கின்றன. ஒவ்வொரு வருகைக்கும் அட்டையைக் கையோடு கொண்டு போங்கள். குழந்தை வளரும், முகம் வளரும், மாஸ்க் சிறிதாகும், அழுத்தம் போதாமல் போகும். தலைவலி திரும்பி வந்தால் முதலில் கசிவைப் பாருங்கள். மூக்குத் தண்டு சிவந்திருந்தால் மாஸ்க்கை மாற்றிப் போட இரண்டாவது வகை ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. மின்வெட்டுக்கு யுபிஎஸ் எவ்வளவு நேரம் தாங்கும் என்று ஒரு நாள் பகலில், வேண்டுமென்றே மெயினை அணைத்துச் சோதித்துவிடுங்கள்.

எங்கள் வீட்டில் முதல் வாரம் அவன் மாஸ்க்கைப் பிடுங்கிப் போட்டான். இரண்டாவது வாரம் காலையில் நான்கு இட்லி சாப்பிட்டான்.

படி 10: வாசல் கதவுக்குப் பின்னால் ஒரு ஃபைல்

நோட்டிலிருந்து ஒரே ஒரு பக்கத்தை நகலெடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது கை படும் இடத்தில் மாட்டி வையுங்கள். நோயின் பெயர், கடைசி எஃப்விசி, நல்ல நாளின் ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு, இருமல் வேகம், பைபாப் அழுத்தங்கள், மருந்துகள், வழக்கமாகப் பார்க்கும் டாக்டரின் எண். ஸ்டீராய்டு சாப்பிடும் குழந்தை என்றால் அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்பதையும் எழுதுங்கள்.

மயக்க மருந்து பற்றி ஒரு வரி சிவப்பு மையில் இருக்கட்டும். டூஷேனில் சக்சினைல்கோலின் என்ற தசை தளர்த்தும் மருந்தும், ஆவியாக்கி மூச்சு வழியே கொடுக்கும் மயக்க மருந்துகளும் தவிர்க்கப்பட வேண்டியவை. பல் பிடுங்குவதற்கு மயக்கம் கொடுத்தாலும் இது பொருந்தும். முதுகு அறுவை சிகிச்சை போன்ற பெரிய காரியமென்றால் அதற்கு முன் எஃப்விசி எடுத்தாக வேண்டும். 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அபாயம் கூடும், 30-க்குக் கீழே இன்னும் அதிகம். அப்படிப்பட்ட குழந்தையை அறுவைக்கு முன்பே பைபாப்புக்கும் காஃப் அசிஸ்ட்டுக்கும் பழக்கி, கண் விழித்ததும் அதிலேயே வைக்கத் திட்டமிடுவார்கள்.

எங்கள் ஃபைலில் கடைசியாக ஒரு வரி மகன் கையெழுத்தில் இருக்கிறது. பதினான்கு வயதில், தன்னைப் பற்றி எழுதுவதில் தானும் ஒரு வரி எழுத வேண்டும் என்று அடம்பிடித்தான். “நான் திணறும்போது முகத்தில் தெரியாது. என்னைக் கேட்காதீர்கள், பிளட் கேஸ் எடுத்துப் பாருங்கள்.”